கிளை நூலகருக்கு இணையம்: வாட்ஸ்அப்பில் தொடங்கி விக்கிப்பீடியா வரை முழு வழிகாட்டி

நூலகத்தின் பெயரில் ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்கி, ஆண்டு விழாப் படம் நாலு போட்டுவிட்டு, அப்புறம் இரண்டு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கிற பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அந்த நூலகருக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லவே மாட்டேன். எதை முதலில் பழகுவது, எதை விட்டுவிடலாம், யாரிடம் அனுமதி வாங்குவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஆள் கதவைத் திறந்து, நாளிதழ் அடுக்கி, இரவல் கொடுத்து, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகிற கிளை நூலகத்தையும் ஊர்ப்புற நூலகத்தையும் மனதில் வைத்தே எல்லாம் சொல்கிறேன்.

இப்படிப் பழகுவதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 2006-ல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் பிளவர்ஸ் என்பவர் '23 விஷயங்கள்' என்று ஒரு பயிற்சியை உருவாக்கினார். வகுப்பு, தேர்வு எதுவும் கிடையாது. ஊழியர்கள் தாங்களாகவே, கிடைக்கிற நேரத்தில், சின்னச் சின்ன வேலைகளாகச் செய்து பார்க்க வேண்டும்: இன்று ஒரு வலைப்பதிவு தொடங்கு, அடுத்த வாரம் ஒரு படம் ஏற்று, இப்படி. முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. அந்தப் பாடத்திட்டத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டதால், பல நாட்டு நூலகங்கள் தங்களுக்கு ஏற்ப மாற்றி நடத்தின. அன்றைய கருவிகள் பலவும் இன்று இல்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கருவி, அதையும் கையால் செய்து பார்த்தே பழகுவது என்ற முறை இன்றும் சரிதான். இங்கே சொல்லும் படிகளையும் அப்படியே, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமே வேண்டாம்.

படி 1: கருவியைத் தொடுவதற்கு முன் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு வாரம் மேஜையில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் என்ன கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். "இன்னைக்கு லைப்ரரி இருக்கா?", "குரூப் 4-க்குப் புது புக் வந்துருச்சா?", "உறுப்பினராக என்ன கொண்டு வரணும்?", "பையனுக்கு ஆறாம் வகுப்புக்கு ஏத்த கதைப் புத்தகம் இருக்கா?" பெரும்பாலும் பத்துக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பத்துக்கும் பதில் எழுதி வைத்துவிட்டால் இணையத்தில் என்ன போடுவது என்ற கவலையில் பாதி தீர்ந்தது. 1931-ல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. சமூக ஊடகத்தில் நூலகம் செய்ய வேண்டியதை அவர் அப்போதே சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வெயிலில் திரும்பிப் போகிற ஒருவரை ஒரு குறுஞ்செய்தியால் வீட்டிலேயே நிறுத்தி, மறுநாள் வரச் சொல்ல முடிந்தால் அதுதான் நம் வேலை.

படி 2: கணக்கு நூலகத்துடையது, உங்களுடையது அல்ல

இதைச் சரியாகச் செய்யாததால்தான் பல பக்கங்கள் அநாதையாகின்றன. நூலகர் சொந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்குவார், இடமாற்றம் வரும், புதிதாக வந்தவரிடம் கடவுச்சொல் இருக்காது, பக்கம் அப்படியே நின்றுவிடும்.

முதலில் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, என்னென்ன கணக்கு, எதற்காக என்று சொல்லி எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பிற்பாடு யாராவது கேள்வி கேட்டால் அந்தக் காகிதம்தான் பேசும். அடுத்து நூலகத்தின் பெயரில் ஒரு ஜிமெயில். மற்ற எல்லாக் கணக்கும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். முடிந்தால் நூலகத்துக்கென்று ஒரு சிம். வாசகர் வட்டத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள், மாத ரீசார்ஜுக்கு யாராவது ஒரு புரவலர் கிடைப்பார். கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முத்திரை இருக்கும் பீரோவில் வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற வசதியை, எல்லாக் கணக்கிலும் போட்டே ஆக வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, அவர்களின் இணையப் புத்தகப் பட்டியலே மாதக்கணக்கில் இயங்காமல் போனது. பிறகு அவர்களே வெளியிட்ட அறிக்கை, தாக்கியவர்கள் நுழைந்திருக்கக்கூடிய வழியில் இந்தக் கூடுதல் சரிபார்ப்பு இல்லாததைக் குறையாகச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. நமக்கு வருகிற ஆபத்து பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்: "தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்க எண் வந்துருச்சு, கொஞ்சம் சொல்லுங்க" என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வரும். சொல்லிவிட்டால் உங்கள் வாட்ஸ்அப் அடுத்தவர் கைக்குப் போய்விடும். யார் கேட்டாலும் அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள்.

படி 3: யூனிகோடில் தட்டச்சு

அலுவலகக் கடிதத்துக்குப் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துரு பழகியவர்கள், அதே எழுத்தை வெட்டி ஒட்டிப் பேஸ்புக்கில் போட்டால் படிக்கிறவருக்குக் குப்பையாகத்தான் தெரியும், கூகுளும் அதைத் தேடிக் கண்டுபிடிக்காது. எந்தக் கணினியிலும் போனிலும் ஒரே மாதிரி தெரிகிற யூனிகோடு எழுத்து முறைக்கு மாறிவிடுங்கள். கணினியில் தமிழ்99 விசைப்பலகை பழகினால் நல்லது. போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகைச் செயலி போதும், அதில் தமிழில் பேசினாலே எழுதிக்கொள்ளும், ஆசிரியர் பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

படி 4: கூகுள் மேப்பில் நூலகத்தைச் சரியாக நிறுத்துங்கள்

பேஸ்புக்கை விட இதற்குத்தான் என் ஓட்டு. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் 'பக்கத்தில் லைப்ரரி' என்று தேடும்போது உங்கள் நூலகம் தெரிய வேண்டும், நேரம் சரியாக இருக்க வேண்டும், தொடர்பு எண் வேலை செய்ய வேண்டும். மேப்பில் நூலகம் ஏற்கெனவே இருந்தால் அதற்கு உரிமை கோரும் வசதி இருக்கும். இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கலாம். கட்டணம் எதுவும் இல்லை. கூகுள் கேட்கிற சரிபார்ப்பை முடித்த பிறகு, திறக்கும் நேரம், வார விடுமுறை, மதிய இடைவேளை எல்லாவற்றையும் நிரப்புங்கள். பொங்கல், தீபாவளி மாதிரி விடுமுறைகளுக்குத் தனியாகத் தேதி போடும் இடமும் உண்டு. பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பார்த்து இரண்டிலும் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படங்களில் வெளிவாசல் கட்டாயம் இருக்கட்டும். பல கிளை நூலகங்கள் சந்துக்குள் இருக்கும், ஆட்டோக்காரருக்கே தெரியாது.

படி 5: வாட்ஸ்அப், இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள்

உங்கள் வாசகர்கள் ஏற்கெனவே இருக்கிற இடம் இது. ஓய்வூதியக்காரர், தேர்வுக்குப் படிக்கிற பெண், பிள்ளைக்குப் புத்தகம் தேடுகிற அம்மா, எல்லோர் போனிலும் இருப்பது இதுதான்.

சாதாரண வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நூலக எண்ணில் நிறுவுங்கள். இலவசம்தான், உங்கள் சொந்த வாட்ஸ்அப் இருக்கும் அதே போனிலேயே தனியாக ஓடும். அதில் மூன்று வசதிகளை உடனே அமையுங்கள். ஒன்று, வாழ்த்துச் செய்தி: முதல்முறை எழுதுகிறவருக்கு நூலக நேரமும் முகவரியும் தானாகப் போகும். இரண்டு, நேரம் கடந்த செய்தி: பூட்டிய பிறகு யாராவது கேட்டால் "நாளை காலை பதில் தருகிறோம்" என்று தானே சொல்லும், இரவு பதினொரு மணிக்கு நீங்கள் போனை எடுக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, விரைவுப் பதில். படி 1-ல் எழுதி வைத்த பத்துப் பதில்களையும் இதில் ஏற்றிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சொல். சாய்கோடு போட்டு 'உறுப்பினர்' என்று அடித்தால், என்ன சான்று கொண்டு வர வேண்டும், காப்புத் தொகை எவ்வளவு, எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்ற முழுப் பதிலும் வந்து நிற்கும்.

அடுத்த கேள்வி, குழுவா சேனலா? பெரும்பாலானவர்கள் குழுவில்தான் தொடங்குகிறார்கள், நான் வேண்டாம் என்பேன். குழுவில் சேர்ந்த எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். படிக்க வருகிற கல்லூரிப் பெண்ணின் எண்ணை ஊரில் பலர் பார்வைக்கு வைக்க நமக்கு உரிமை இல்லை. அதோடு குட் மார்னிங் படமும் அரசியல் சண்டையும் வந்தால், மூன்றாவது நாளே நல்ல வாசகர்கள் அறிவிப்பை அணைத்துவிடுவார்கள். 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனல் இதற்குப் பொருத்தம்: நீங்கள் மட்டும் பதிவிடலாம், பின்தொடர்கிறவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. சேனல் இணைப்பை ஒரு க்யூஆர் குறியாக அச்சடித்து, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலும் வாசல் கதவிலும் ஒட்டுங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் உண்டு. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும், அதை மறந்துவிட்டு 'யாருமே பதில் போடலையே' என்று வருத்தப்படக் கூடாது. வாசகர் வட்டம், நூலக நண்பர்கள் மாதிரி சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்குக் குழு சரி, அவர்களிடமும் கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும்.

எவ்வளவு பதிவிடலாம்? வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று. தினமும் பொன்மொழி போட்டால், நாளைக்கு நூலகம் விடுமுறை என்கிற அவசியமான செய்தியும் அதோடு சேர்ந்து படிக்கப்படாமல் போகும்.

படி 6: ஒரு புத்தகத்தைப் பதிவிடுவது எப்படி

புதுப் புத்தகக் கட்டு வந்ததும் மொத்தமாக மேஜையில் பரப்பிப் படம் எடுத்துப் போடுகிறோம். அதில் எந்தத் தலைப்பும் படிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் எடுங்கள். பளபளப்பான அட்டையில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து ஆசிரியர் பெயரையே மறைத்துவிடும், அதனால் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போங்கள். புத்தகத்தை மேஜையில் படுக்க வைத்து, போனை நேர் மேலே, அட்டைக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் எழுத்து ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்துவிடும். முடிந்தால் உள்ளே பொருளடக்கப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அட்டையை விடப் பொருளடக்கம்தான் முக்கியம்.

கூடவே எழுதும் குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

"குரூப் 4 பொதுத்தமிழ் வினா வங்கி, புதிய பதிப்பு, இரண்டு பிரதி வந்திருக்கிறது. போட்டித் தேர்வுப் பகுதியில், ஜன்னல் பக்க அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு. ஒன்று இங்கேயே உட்கார்ந்து படிக்க, ஒன்று இரவலுக்கு. எடுத்து வைக்க வேண்டுமென்றால் உறுப்பினர் எண்ணை இதே எண்ணுக்கு அனுப்புங்கள், மூன்று நாள் வைத்திருப்போம்."

என்ன புத்தகம், எங்கே இருக்கிறது, எப்படிக் கிடைக்கும். 'அறிவுப் பசிக்கு விருந்து' என்கிற அலங்காரம் எதுவும் தேவையில்லை. பழைய புத்தகங்களையும் இப்படிப் போடுங்கள். பல வருஷமாக யாரும் எடுக்காத ஒரு பயண நூலோ, விவசாயக் கையேடோ, அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கும். அதற்கு ஒரு வாசகர் ஊரிலேயே எங்கோ இருக்கிறார், அவருக்குத் தகவல் போகவில்லை, அவ்வளவுதான். அறிவிப்பு அட்டை செய்ய கேன்வா நல்ல கருவி, தமிழ் எழுத்துருக்களும் அதில் உண்டு. பின்னணியில் பூவும் தோரணமும் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள், போன் திரையில் படிக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. படிக்கிறவர்களைப் படம் எடுத்துப் போடும் முன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. கோடைக்கால முகாமில் பிள்ளைகள் முகம் தெரியாமல், வரைந்த படங்களையும் புத்தகம் பிடித்த கைகளையும் எடுத்தாலே அழகாக இருக்கும்.

படி 7: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப்

மூன்றிலும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேஸ்புக்கில் உங்கள் ஊரை விட்டு வெளியூர், வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள், நூலகத்துக்கு நாற்காலியோ புத்தகமோ கொடுக்க முன்வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். கல்லூரி மாணவர்கள் இன்ஸ்டாகிராமில். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டதையே அங்கேயும் போடுங்கள். பேஸ்புக்கில் தனிநபர் கணக்கு வேண்டாம், பக்கம் தொடங்கி, முழு அனுமதியோடு இரண்டாவது ஒருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள்.

யூடியூபில் கதை வாசிப்பு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: கடையில் வாங்கிய கதைப் புத்தகத்தை முழுதாக வாசித்துப் பதிவேற்ற, பதிப்பாளர் அனுமதி வேண்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாக வாசிக்கலாம்.

படி 8: அலமாரியை ஒரு ஷீட்டுக்குள் கொண்டுவருவது

முழு நூலக மேலாண்மைக்கு கோஹா இருக்கிறது, நியூசிலாந்தில் உருவான கட்டற்ற மென்பொருள், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கு சர்வர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதெல்லாம் மாவட்ட அளவில் எடுக்க வேண்டிய முடிவு. ஒற்றை ஆள் நூலகத்துக்குக் கூகுள் ஷீட் போதும். பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, வகைப்பாட்டு எண், இருக்கும் அலமாரி, இந்த ஏழு பத்தி. எல்லாப் புத்தகத்தையும் ஏற்றப் போகிறேன் என்று உட்கார்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும் முன்னே சலித்துவிடும். அதிகம் கேட்கப்படும் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள், போட்டித் தேர்வு அல்லது சிறுவர் நூல்கள். தட்டச்சு தெரிந்த வாசகர் வட்டப் பிள்ளைகள் உதவுவார்கள். ஆசிரியர் பெயரை ஒரே மாதிரி எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஒரு இடத்தில் சுப்பிரமணியம், இன்னொரு இடத்தில் சுப்ரமணியம் என்று இருந்தால் தேடலில் பாதி விடுபடும். பிறகு 'பார்க்க மட்டும்' என்று அமைத்து இணைப்பைச் சேனலில் போடுங்கள்.

யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பது மட்டும் இந்த ஷீட்டில் ஒருபோதும் வரக் கூடாது. ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் நடுவில் இருக்க வேண்டிய விஷயம்.

வாசகர் கேட்கும் புத்தகங்களைத் திரட்ட ஒரு கூகுள் படிவம் வையுங்கள், மூன்று கேள்வி போதும். அடுத்த கொள்முதலுக்குப் பரிந்துரை அனுப்பும்போது அந்தப் பட்டியல் உங்களுக்குப் பலமாக இருக்கும்.

படி 9: இல்லாத புத்தகத்தை எங்கே தேடுவது

இதில் நூலகர் தேர்ந்துவிட்டால் வாசகர் கண்ணில் அவர் மதிப்பே வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படவடிவில் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற பெயருடைய இணையதளத்துக்கு இணையே இல்லை. பழைய இலக்கியங்களின் தேடக்கூடிய உரைக்கு, 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிமூலமும். கல்லூரிப் பாடத்துக்கு, கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னணு நூலகம். பள்ளிப் பாடநூல்களை அரசே இலவசமாகத் தருகிறது, டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத் தளத்திலேயே இருக்கின்றன. தலைப்பைத் தமிழில் தேடிக் கிடைக்காவிட்டால் சந்தி எழுத்தை நீக்கிப் பாருங்கள், ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள், ஆசிரியர் பெயரின் முன்னெழுத்தை விட்டுப் பாருங்கள்.

விற்பனையில் இருக்கும் புத்தகங்களின் பிடிஎஃப்பை மட்டும் பகிரவே பகிராதீர்கள். கேட்பார்கள், கெஞ்சுவார்கள், மற்ற குழுக்களில் தாராளமாக வருகிறதே என்பார்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டு பதிப்புரிமை நிற்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் திறந்த உரிமத்தில் வந்தவற்றையும் பகிரலாம், அதுவே நிறைய இருக்கிறது. சிறிய தமிழ்ப் பதிப்பகங்கள் சில நூறு பிரதிகளை நம்பிப் புத்தகம் போடுகின்றன, அவர்கள் வயிற்றில் நூலகமே அடிக்கலாமா?

படி 10: விக்கிப்பீடியாவில் ஒரு சான்று

இது வரை வந்துவிட்டீர்கள் என்றால் இதைச் செய்யாமல் விடாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர், உங்கள் மாவட்டத்து ஆறு, கோயில், ஆளுமைகள் பற்றிய கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். பல வரிகளுக்குச் சான்றே இருக்காது. அந்தச் சான்று உங்கள் அலமாரியில் இருக்கிறது: மாவட்ட விவரச் சுவடி, ஊர் வரலாற்று நூல், பள்ளி நூற்றாண்டு மலர். இணையத்தில் எங்கும் கிடைக்காத இந்தப் புத்தகங்களைத் திறந்து பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். ஒவ்வொரு நூலகரும் ஒரு சான்றாவது சேருங்கள் என்று 2016-ல் ஒரு உலகளாவிய இயக்கமே தொடங்கினார்கள், ஆண்டுதோறும் ஜனவரி 15 முதல் மூன்று வாரம் நடக்கிறது.

கணக்கு ஒன்று தொடங்கி, கட்டுரையில் 'தொகு' என்பதை அழுத்தி, அந்த வரியின் முடிவில் மேற்கோள் சேர்க்கும் பொத்தானைத் தட்டுங்கள். நூலாசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை நிரப்புங்கள். பக்க எண்ணை விட்டுவிடாதீர்கள், இன்னொருவர் சரிபார்க்க அதுதான் வழி. புத்தகத்தின் வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதாமல் சான்றை மட்டும் சேருங்கள். முதல் சான்று சேர்க்க அரை மணி நேரம் ஆகலாம், அப்புறம் ஐந்து நிமிஷ வேலை.

படி 11: எது வேலை செய்கிறது என்று பாருங்கள், ஒப்படைக்கத் தயாராக இருங்கள்

லைக் எண்ணிக்கையைப் பார்த்து மகிழவும் வேண்டாம், வாடவும் வேண்டாம். பதிவிட்ட புத்தகம் அந்த வாரம் இரவல் போனதா, "வாட்ஸ்அப்ல பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தார்களா, புது உறுப்பினர் சேர்ந்தாரா, இதைப் பதிவேட்டு ஓரத்தில் குறியுங்கள். மூன்று மாதம் எதுவும் நடக்காத தளத்தை மூடிவிடலாம், மூடுகிறோம் என்று ஒரு பதிவு போட்டுவிட்டு.

மாதம் ஒருமுறை ஷீட்டைத் தரவிறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். இடமாற்ற உத்தரவு வந்தால், இருப்புப் பதிவேடும் சாவியும் ஒப்படைக்கும் அதே பட்டியலில் நூலக சிம், மின்னஞ்சல், கடவுச்சொல் உறை, பக்கங்களின் பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாக எழுதி, புதிதாக வருகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் உங்கள் எதிரிலேயே உள்நுழைந்து, கடவுச்சொல்லை மாற்றி, ஒரு பதிவு போட்டுப் பார்த்துவிடட்டும். நிர்வாகிப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை அதன் பிறகு எடுத்தால் போதும்.